தானாக முளைத்த கீரையை எப்படி உறுதி செய்வது? முதல் தடவை எவ்வளவு சாப்பிடலாம்?

தழைதேடி (கேள்வி):
மழைக்குப் பிறகு தோட்டத்தில் மூன்று வகைச் செடிகள் தானாக முளைத்திருக்கின்றன. ஒன்று தரையோடு படர்கிறது. தண்டு சிவப்பு, இலை தடிப்பு. பருப்புக்கீரை என்று நினைக்கிறேன், ஆனால் அதே சாயலில் வேறு செடிகளும் பக்கத்திலேயே படர்ந்திருக்கின்றன. இரண்டாவது குப்பைக்கீரை மாதிரி. மூன்றாவது மணத்தக்காளி போல, இன்னும் பூக்கவில்லை. போன் ஆப் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது. எதை வைத்து உறுதி செய்வது? வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டுமா? நாக்கில் வைத்துக் கசக்காவிட்டால் சாப்பிடலாம் என்கிறார்களே, சரியா?

வேலியோரம்:
முதலில் பெயர்க் குழப்பம். பருப்புக்கீரை என்ற பெயரையே ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிக்குச் சொல்வார்கள். யாரிடம் கேட்டாலும் தாவரவியல் பெயரையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் சொல்வது போர்ட்டுலக்கா ஒலரேசியாவாக இருக்க வேண்டும்.

அதற்கு அடையாளம் இலை மட்டும் அல்ல. தண்டு உருண்டையாக, வழவழப்பாக, நீர் நிறைந்து இருக்கும், முடி இருக்காது. இலை கரண்டி வடிவில், கிளை நுனியில் கொத்தாகக் கூடி நிற்கும். பூ மஞ்சள், பெரும்பாலும் ஐந்து இதழ், காலை வெயிலில் சில மணி நேரம்தான் விரியும். காயைத் தொட்டால் மேல்பாதி மூடி போலக் கழன்று உள்ளே கருப்பு விதைகள் தெரியும். அந்த மூடிக்காயைப் பார்த்துவிட்டால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பக்கத்தில் படர்வது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். சிற்றம்மான் பச்சரிசி வகையில் இலை மெலிசு, எதிரெதிராக இருக்கும், தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். பத்து விநாடி பொறுத்துப் பாருங்கள், அதுவும் காலையில். வாடிய நடுப்பகல் செடியில் பால் சரியாகத் தெரியாமல் போகும். பால் வந்தால் அந்தக் கைப்பிடி முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி ஒவ்வொரு தண்டாகப் பொறுக்குங்கள். இவை ஒன்றோடொன்று பின்னிப் படர்வதால், கொத்தாகப் பிடுங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று சாரணை. ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு இலை, அதில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. காம்பின் அடி சவ்வு போல விரிந்து தண்டைப் பற்றியிருக்கும். பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. இதன் இளந்தளிர் உண்ணத்தக்கதே, ஆனால் முற்றியது வயிற்றுப்போக்கு உண்டாக்கும். பழகும் வரை விட்டுவிடுங்கள்.

பச்சைக்குறிப்பு:
மூன்றாவது செடியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூக்காத மணத்தக்காளியைப் பறிக்காதீர்கள். இளம் பருவத்தில் ஊமத்தை நாற்றும் பார்க்க ஏறக்குறைய இதைப் போலவே இருக்கும். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்த பயிர்க்கீரையிலேயே ஊமத்தை இனக் களை கலந்துபோய் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். வாய் வறட்சி, கண்மணி விரிதல், பார்வை மங்கல், இதயப் படபடப்பு, பிதற்றல் எல்லாம் ஊமத்தையிலுள்ள அட்ரோபின், ஸ்கோபொலமின் என்ற நஞ்சுகள் செய்யும் வேலை. சமையல் சூடு இவற்றை நம்பகமாக அழிக்காது.

காத்திருந்தால் வித்தியாசம் தானே தெரியும். மணத்தக்காளிக்கு ஒரே காம்பில் நான்கைந்து சிறு வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கூம்பு, பிறகு மிளகை விடச் சற்றுப் பெரிய காய்க்கொத்து. ஊமத்தைக்கு நீண்ட புனல் போன்ற ஒற்றைப் பூ, முள் காய். ஊமத்தை இலையைக் கசக்கினால் கெட்ட வாடை வரும், ஆனால் வாடை துணைச் சான்றுதான். மணத்தக்காளியே என்று உறுதியானாலும் பச்சைக் காயை வாயில் போடாதீர்கள், அதில் சோலனின் என்ற நஞ்சு அதிகம்.

நாக்குச் சோதனை பற்றி: செடியை அடையாளம் காண அது உதவாது. எல்லா நஞ்சும் கசக்காது; கசப்பதெல்லாம் நஞ்சும் அல்ல. செங்காந்தளில் உள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சுக்கு அறிகுறி தெரியவே சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகும். அதற்குள் "ஒன்றும் ஆகவில்லை" என்று இன்னொரு கிண்ணம் உள்ளே போயிருக்கும். ஆப் சொல்வதைத் தேடலின் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்டு, இலை அடுக்கு, பால், பூ, காய் ஐந்தும் ஒத்துப்போனால் பறியுங்கள். ஒன்று இடித்தாலும் விடுங்கள்.

குப்பைக்கீரை எளிது: இலை மாற்றடுக்கு (கணுவுக்கு ஒன்றாக, மாறி மாறி), நீண்ட காம்பு, அடிப்பக்கம் நரம்பு புடைத்திருக்கும், நுனியில் சிறு வெட்டு. கணுவில் இரட்டை முள் இருந்தால் முள்ளுக்கீரை, அதுவும் உண்ணத்தக்கதுதான்.

அடுப்படி:
அளவுக்கு வருகிறேன். ஒரு நேரத்தில் ஒரே புதுக்கீரை. வேகவைத்தது ஒரு மேசைக்கரண்டி, அதோடு வேறு புதுப் பண்டம் எதுவும் வேண்டாம். 24 மணி நேரம் பாருங்கள். மறுதடவை கால் கிண்ணம், அதற்கடுத்து அரைக் கிண்ணம். பறித்த செடியில் ஒரு முழுக் கொப்பை ஈரத்துணியில் சுற்றி வைத்திருங்கள். ஏதாவது ஆனால் மருத்துவரிடம் காட்ட அதுதான் உதவும், வெந்த கீரையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீரைக் கொட்டுவதா என்றால் செடியைப் பொறுத்தது. பருப்புக்கீரை, குப்பைக்கீரை இரண்டிலும் சிறுநீரகக் கல்லுக்கு வழிசெய்யும் ஆக்ஸலேட் உப்பு அதிகம், கரையும் பகுதி கொதிநீரில் இறங்கிவிடும். 100 கிராம் கீரைக்கு ஒரு லிட்டர் நீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, மூன்று நிமிடத்தில் வடித்து, பிழிந்துவிடுங்கள். நீர் குறைவாக இருந்தால் கொதி அடங்கிப்போகும், ஆக்ஸலேட் இறங்குவதும் குறையும். மூடி போடாதீர்கள், இலையில் இருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறாமல் பச்சை நிறம் பழுப்பாகும். சமையல் சோடா போட்டால் நிறம் நிற்கும், ஆனால் வைட்டமின் சி போய் இலை கூழாகிவிடும். தயிர் சேர்த்துச் சாப்பிட்டால் அதிலுள்ள கால்சியம் மிச்ச ஆக்ஸலேட்டைக் குடலிலேயே கட்டிப்போடும்.

பருப்புக்கீரை வழவழவென்று ஆகிறது என்பதுதான் பொதுவான குறை. பொடியாக நறுக்கி நெடுநேரம் வதக்குவதால் வருவது அது. ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, அகன்ற சட்டியில், பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம், உப்பு கடைசியில். இந்தச் செடி இரவில் மாலிக் அமிலம் சேர்த்து வைத்துப் பகலில் செலவழிக்கும், எனவே விடியலில் பறித்தால் நல்ல புளிப்பு, மாலையில் பறித்தால் மிதம்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரை, குப்பைக்கீரை இரண்டையும் தவிர்ப்பது நல்லது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீரை அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது, வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.

தழைதேடி:
மிக்க நன்றி. மூன்றாவதைப் பூக்கும் வரை விட்டுவிடுகிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். வாய்க்கால் ஓரம் பொன்னாங்கண்ணி தளதளவென்று இருக்கிறது, பறிக்கலாமா? பச்சையாகச் சாறு எடுத்துக் குடித்தால் சத்து அதிகம் என்கிறார்களே?

வேலியோரம்:
ஆடு மாடு இறங்கும் நீர் என்றால் பச்சையாக வேண்டவே வேண்டாம். ஈரல் தட்டைப்புழுவின் கூடுகள் நீரோர இலையில் ஒட்டியிருக்கும். உப்பு நீர், வினிகர் கழுவலை நம்ப முடியாது, கொதிக்க வைத்தால்தான் சாகும். சாக்கடை கலக்கும் வாய்க்கால், சாலையோரம், களைக்கொல்லி தெளித்த வரப்பு ஆகிய இடங்களில் வேகவைத்தும் பயனில்லை. ஈயம் கொதித்தால் போகாது. நுனி முறுக்கிக்கொண்டோ திட்டுத் திட்டாக மஞ்சளாகியோ இருந்தால் மருந்து பட்டது என்று எண்ணி விலகுங்கள்.

பச்சைக்குறிப்பு:
சாறு வேண்டாம். தவசிக்கீரை பல நாடுகளில் சமைத்து உண்ணும் நல்ல கீரை. அதையே 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைக்கப் பச்சைச் சாறாக வாரக்கணக்கில் குடித்தவர்களுக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்கள் திரும்பச் சரியாகாதபடி அடைபட்டன. சாறாக்கினால் ஒரு தட்டில் சாப்பிட முடியாத அளவு ஒரே குவளையில் இறங்கிவிடுகிறது.

அடுப்படி:
ஒன்றை விட்டுவிட்டேன். சமைத்த கீரையை வெளியே வைத்து இரவில் சாப்பிடாதீர்கள். இலையிலுள்ள நைட்ரேட் என்ற உப்பைக் கிருமிகள் கேடான நைட்ரைட்டாக மாற்றும். மிஞ்சினால் ஆறியதும் உடனே குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடியுங்கள். வறட்சியில் வாடி நின்ற குப்பைக்கீரையில் நைட்ரேட் கூடுதல், அதுவும் தண்டில்தான் அதிகம். அப்போது இலையை மட்டும் கிள்ளுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் கீரை நீரும் வேண்டாம்.