காங்கேசன்துறை ஆலைக் கரையைப் பொதுவெளியாக்கினால் கடலை என்ன செய்வது?

கீரிமலைக்காரன்:
யாழ்ப்பாணத்தின் வடகரையில் 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றுபோன சீமெந்து ஆலையையும் அதை ஒட்டிய கரையையும் இங்கே எல்லாருக்கும் தெரியும். போன கிழமை மகளோடு அந்தப் பக்கம் போனேன், கம்பி துருவேறி கொங்கிறீற்று வெடித்து நிற்கிறது. சனம் பின்னேரம் வந்திருந்து கதைக்கிற இடமாக அதை மாற்றினால் எவ்வளவு நல்லது. ஆனால் கல் பதித்து மதிலும் கட்டிவிட்டு, வாடைக் காற்றுக்கு எல்லாம் பெயர்ந்துபோனால் என்ன பிரயோசனம்? வேறு நாடுகளில் பழைய துறைமுகங்களை எப்படிச் செய்திருக்கிறார்கள்?

எல்பேக்கரை:
ஜேர்மனியில் ஹம்பேர்க்கில் இருக்கிறேன். இங்கே பழைய துறைமுகத்தைக் குடியிருப்பாக மாற்றிய ஹாஃபென்சிற்றியில் தண்ணீரை மறித்து அணை கட்டவில்லை. கட்டடங்களையும் தெருக்களையும் கடல்மட்டத்துக்கு மேல் 8 மீற்றர் அளவில் உயர்த்திவிட்டு, கரையோர நடைபாதையைத் தாழ்வாகவே விட்டார்கள். புயல் வெள்ளம் வந்தால் அது மூழ்கும், பிறகு கழுவிவிட்டு நடப்போம். ஆனால் இங்குள்ள எல்பே ஆற்றில் கடல்நீர் ஏற்ற இறக்கம் மூன்று மீற்றருக்கு மேல், எங்கள் கரையில் ஒரு மீற்றர்கூட இல்லை. அதனால் அந்த உயரத்தைப் பார்த்து அப்படியே கட்டாதீர்கள், மூழ்கினாலும் கெடாத கரை என்பதை மட்டும் எடுங்கள்.

கிணற்றடி:
நான் மதிலைவிட நிலத்துக்குத்தான் பயப்படுகிறேன். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது, ஐப்பசி கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. கரை முழுக்கக் கொங்கிறீற்று ஊற்றினால் நல்ல தண்ணீர் கடலுக்கு ஓடும், உப்பு உள்ளே ஏறும். நியூயோர்க்கில் பழைய சரக்குத் துறைகள் இருந்த புரூக்ளின் கரையில் பூங்கா அமைத்தபோது மண்மேடு போட்டு, கரையோரம் பெரிய கற்களை அடுக்கி, உப்பைத் தாங்கும் செடிகளை நட்டார்கள். 2012இல் சாண்டி புயலின் கடல்நீர் உள்ளே வந்தும் அது பெரும்பாலும் தப்பியது. இங்கே தாழையும் பனையும் இருக்க, புல்தரையும் தண்ணீர்க் குழாயும் எதற்கு?

வாடிக்கரை:
சரி, வலை எங்கே காயும்? பூங்கா என்றதும் முதலில் எங்களைத்தான் எழும்பச் சொல்வார்கள். முருகைக்கல்லுக்கு நடுவே படகு வந்துபோகிற வழியை, நாங்கள் வான் என்று சொல்வதை, மறித்துக் கல் கொட்டினால் படகு கரைக்கு வராது. கல் அடுக்க முதல் தென்மேல் காற்றடிக்கிற சோளகத்தில் ஒருதரம், வாடையில் ஒருதரம் வந்து எங்களோடு கரையில் நின்று பாருங்கள், எந்த அலை எங்கே உடைகிறது என்று காட்டுவோம்.

கீரிமலைக்காரன்:
அண்ணை, மார்கழியில் வருகிறேன். விடியற்புறம் எத்தனை மணிக்குப் படகு கரைக்கு வரும்?