சிரமதானத்துக்கு ஆட்கள் ஏன் வருவதில்லை?

வலதுகரை (முத்தையன்கட்டு) கேட்டது:

எங்கள் கமக்காரர் அமைப்புக்கு இந்த வருடம் நான் செயலாளர். சிறுபோகத்துக்குக் குளத்துத் துருசு (மதகு) திறக்கும் முன், கிளை வாய்க்காலைச் சிரமதானமாக, அதாவது கூலி இல்லாமல் எல்லாரும் கூடி, துப்புரவாக்க வேண்டும். கூட்டத்தில் எல்லாரும் கை உயர்த்தினார்கள். விடிய மண்வெட்டியோடு வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான், அவர்களும் வாய்க்காலின் வால் பக்கம் வயல் உள்ளவர்கள். தலைப்பில், வாய்க்கால் தொடங்கும் பக்கம், வயல் உள்ளவர்களுக்குத் தண்ணீர் எப்படியும் வந்துவிடும், அதனால் வரவில்லை. அது விளங்குகிறது. ஆனால் வாலில் வயல் உள்ள ஒரு தம்பி, நல்ல உழைப்பாளி, "அண்ணை, எவ்வளவு தருவியள்?" என்று கேட்டான். அவனுடைய வயலுக்குப் போகிற தண்ணீர் அது.

அப்பா காலத்தில் அறிவித்தால் போதும், வீட்டுக்கு ஒருவர் வருவார். பணிஸும் பிளேன்டியும் கொடுப்பார்கள், மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறி வந்தபோது தொண்டு நிறுவனங்கள் கிணறு இறைக்க, பற்றை வெட்ட, வாய்க்கால் துப்புரவாக்க என்று நாட்கூலி தந்தன. கையில் ஒரு சதம் இல்லாமல் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். அந்தக் காசில்தான் நாங்களும் சட்டி பானை வாங்கினோம், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. திட்டம் முடிந்தது, அவர்கள் போனார்கள். வாய்க்கால் மட்டும் எங்களுடையதாகத் திரும்பி வரவில்லை.

இதே ஆட்கள் கோயில் பொங்கல் என்றால் இரவிரவாகப் பந்தல் போடுகிறார்கள். செத்தவீடு என்றால் யாரும் கேட்காமலே விறகு கொத்துகிறார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்றால் அது பொய். அப்படியானால் ஒரு மனிதரை வேலைக்கு எழுப்புவதுதான் என்ன? காசு நின்ற பிறகும் பழைய மனம் ஏன் திரும்பவில்லை?

பரந்தன் ரீச்சர்:

அண்ணா, உங்கள் கடைசிக் கேள்வியை இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் பிந்தி வந்தார்கள். அதைக் குறைக்க ஒரு சிறிய தண்டப்பணம் வைத்தார்கள். பிந்தி வருகிறவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். அதுவரை ரீச்சரைக் காக்க வைக்கக் கூச்சப்பட்டவர்கள், இனிக் காசு கட்டினால் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு தண்டத்தை நிறுத்தினார்கள். அப்போதும் எண்ணிக்கை இறங்கவில்லை. 2000இல் வெளிவந்த ஆய்வு இது.

அமெரிக்காவில் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட பரிசோதனையும் உண்டு. புதிர்க்கட்டைகளைப் பொருத்தக் காசு கொடுக்கப்பட்ட மாணவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் முன்னரைவிடக் குறைவாகவே அதைத் தொட்டார்கள். ஆனால் அதை வாய்க்காலோடு அப்படியே பொருத்த எனக்கு விருப்பமில்லை. புதிர் விளையாட்டு. நடு வெயிலில் சேறு அள்ளுவதை யார் ஆசைப்பட்டுச் செய்வார்கள்? உங்கள் ஊரில் நடந்தது ஹைஃபா கதைக்குத்தான் கிட்ட.

ஒட்டுசுட்டான் ஐயா:

தம்பி, நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் எல்லாரும் மனம் விரும்பி வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இராஜகாரியம் என்ற, அரசனுக்குக் கட்டாயமாகச் செய்யும் ஊழிய முறையை வெள்ளைக்காரர் 1832இல் ஒழித்தார்கள். கட்டாய வேலை போனது நல்லதுதான். ஆனால் அதோடு குளம் வாய்க்கால் பராமரிப்பும் பல ஊர்களில் விழுந்துபோனது. பழைய வழக்கங்களுக்குத் திரும்ப உயிர் கொடுக்க 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது.

வழக்கம் என்றால் பங்கு. உன் காணி எத்தனை ஏக்கரோ அந்த அளவுக்கு வாய்க்காலில் உன் துண்டு. குற்றி அடித்திருக்கும். வாய்க்காலை மேற்பார்க்கும் விதானையார் கரையால் நடந்து வருவார். இரண்டு பக்கத்துத் துண்டும் வெளித்திருக்க நடுவில் உன்னுடையது பற்றையாகக் கிடந்தால், அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, ஊரே பார்க்கும். துப்புரவாக இருந்தாலும் ஊர் பார்க்கும். அதுதான் ஆளை எழுப்பியது.

கூலித் திட்டம் வந்தபோது யார் எங்கே வெட்டினாலும் ஒரே நாட்கூலி. அளந்தவர் வெளியாள். வெட்டின துண்டு யாருடையதும் இல்லை. காசு கொடுத்ததைவிட, பங்கை அழித்ததுதான் பெரிய பிழை என்பேன்.

விசுவமடுத் தங்கச்சி:

ஐயா சொன்ன பங்கு நல்லம். ஆனால் எங்கள் வீட்டில் ஆம்பிளை இல்லை. வயல் அம்மாவின் பெயரில். நான் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறேன், விடிய இருட்டோடு பஸ். நாள் முழுக்கக் கழுத்துப் பட்டி மட்டும் தைப்பேன், முழுச் சட்டையைக் காண்பதில்லை. சம்பளத்துக்குத்தான் போகிறேன், தம்பி அந்தக் காசில் படிக்கிறான், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அம்மாவின் கவலை வேறு. சிரமதானம் என்றால் "அக்கா, நீங்கள் வரவேண்டாம்" என்று இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அவவுக்கு அது நன்றாக நோகிறது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பதுங்குகுழி வெட்டின கை அது. பங்கு பிரித்தால் எங்களுக்கும் துண்டு வேண்டும். சேறு அள்ள ஏலாவிட்டால் கரைப் புல்லைப் பிடுங்குவா, எல்லாருக்கும் சமைப்பா. கூலிக்கு ஆள் பிடித்து எங்கள் பங்கை முடிக்கச் சொல்லாதீர்கள்.

வலதுகரை:

ரீச்சர், ஐயா, தங்கச்சி, மூவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் பங்குக் கதையை எடுக்கிறேன். எங்கள் வாய்க்காலிலும் தங்கச்சியின் வீடு மாதிரி வீடுகள் உண்டு. அவர்கள் பெயரும் பட்டியலில் வரும், என்ன வேலை என்று அவர்களே சொல்லட்டும். நாளும் ஞாயிற்றுக்கிழமையாக வைக்கிறோம், தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளும் வரலாம். கூலி கேட்ட தம்பியைத்தான் நாடா பிடித்து அளக்கக் கூப்பிடப் போகிறேன்.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். தலைப்பில் வயல் உள்ளவருக்குத் தன் வயலடியிலேயே துண்டு கொடுத்தால் வால் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். திருவுளச்சீட்டுப் போட்டு, தலைப்பு ஆட்களுக்கு வாலிலும் துண்டு விழச் செய்யலாமா? முன்னர் அப்படி வழக்கம் இருந்ததா?