வெள்ளைக்காரன் கேட்ட பாட்டு: மீனா, ஊரியா?

வாவிக்கரை: நம் ஊரின் அருமை தெரிய வெளியார் எழுதியதைத்தான் படிக்க வேண்டும். 1848இல் மட்டக்களப்பு வாவியில் கேட்ட ஒலியை, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்ததுபோல் இருந்தது என்று இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். நம்மவர் என்ன எழுதி வைத்தார்கள்? மீன் பாடுகிறது என்று சொல்லிக்கொண்டே கிடந்தார்கள்.

கல்லடியான்: ஐயா, அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தீர்களா? அவரைத் தோணியில் அழைத்துப் போனவர்களே நம் மீனவர்கள். அது ஊரி என்ற ஓட்டு நத்தையின் சத்தம் என்று அவர்கள் சொன்னதையும் அவரே எழுதியிருக்கிறார். ஊரி! மீன் அல்ல.

வாவிக்கரை: தம்பி, ஊரிக்கு வாய் ஏது? சத்தமிடும் மீன்கள் உலகமெங்கும் உண்டு. அவற்றில் பல காற்றுப்பையை அதிரவைத்துச் சத்தமிடுகின்றன.

கல்லடியான்: மற்ற இடத்து மீன் சத்தமிடட்டும். இங்கே ஊரி. என் அப்பா நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறு நுனியை என் காதில் வைப்பார். கம்பி அதிர்வதுபோல் மெல்ல ஏறி இறங்கும். இதை வெள்ளைக்காரன் எழுதித் தந்தா நான் அறிய வேண்டும்? 1924இல் கட்டிய அந்தப் பாலத்துக்கும் ஆளுநரின் மனைவி லேடி மனிங்கின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். அதையும் போற்றுங்கள்.

கல்முனைக்காரன்: டெனன்ட் கேட்டதை எழுதினார். அதில் என்ன குற்றம்? நீங்கள் எழுதவில்லையே.

கல்லடியான்: கல்முனை முஸ்லிம் காக்காவுக்கு எங்கள் வாவியில் என்ன வேலை?

கல்முனைக்காரன்: எங்கள் வாவியா? 1961இல் அம்பாறை மாவட்டத்தைப் பிரிக்கும்வரை நாங்களும் மட்டக்களப்புத்தான். தயிர் வாங்கும்போது மட்டும் காக்கா வேண்டும்.

கல்லடியான்: தயிரை யார் இழுத்தது? கேள்வி ஊரியைப் பற்றியது.

வாவிக்கரை: மீனைப் பற்றியது.

கல்லடியான்: ஊரி. மூன்றாம் முறை சொல்கிறேன்.

வாவிக்கரை: நான்காம் முறையும் சொல்லுங்கள். துடுப்பு நுனியில் கேட்டது ஊரி என்று உங்கள் அப்பாவுக்கு யார் சொன்னது?

கல்லடியான்: அவருடைய அப்பா. டெனன்ட் அல்ல!