வெள்ளவத்தைக் குடும்பம்: வியாழன் இரவு

சாந்தி: அபிக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் விவாதம். காபனீரொட்சைட்டால் வரும் செலவு கனடாவுக்கு அதிகமா, இலங்கைக்கு அதிகமா? இவள் இலங்கைப் பக்கம். யாராவது உதவுங்கோ.

கோபி: குமார் மச்சான் இருக்கிறாரே.

வசந்தி மாமி: ஞாயிறு திவசத்துக்கு எத்தனை பேர்? வாழையிலை சொல்ல வேண்டும்.

குமார் (ஸ்காபரோ): அபிக்குட்டி, இரண்டு கணக்கு இருக்கிறது, கலக்காதே. ஒன்று, யார் எவ்வளவு புகை விடுகிறார்கள் என்பது. இங்கே கனடாவில் ஆளுக்கு வருடம் சுமார் 14 தொன். அங்கே ஏறக்குறைய ஒரு தொன். மற்றது அந்தப் புகைக்கு வைத்த விலை, அதாவது காபன் வரி. 2024 ஏப்ரலில் இருந்து இங்கே தொன்னுக்கு 80 டொலர் என்று எரிபொருளில் அறவிட்டார்கள். பெற்றோல் லீற்றருக்கு 17.6 சதம். 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள்.

கோபி: இங்கேயும் இருந்தது. 2019இல் கார் லைசன்ஸ் புதுப்பிக்கும்போது காபன் வரி கட்டினேன். பிறகு எடுத்துவிட்டார்கள்.

அபி: அப்போ கனடாவுக்குத்தானே அதிகம் மாமா? நான் தோற்றுவிடுவேன்.

குமார் (ஸ்காபரோ): அது வரி. உன் தலைப்பு சேதச் செலவு. ஒரு தொன் கூடுதலாக மேலே போனால் வெள்ளம், வெக்கை, விளைச்சல் நட்டம் எவ்வளவு என்று பார்ப்பது. அமெரிக்காவில் டிரம்பின் முதல் ஆட்சியில் தங்கள் எல்லைக்குள் வரும் சேதத்தை மட்டும் எண்ணினார்கள். தொன்னுக்கு 1 முதல் 7 டொலர்தான் வந்தது. 2023இல் அவர்களுடைய சுற்றாடல் பாதுகாப்பு முகமை உலகம் முழுவதையும் எண்ணியது, வருங்காலச் சேதத்தையும் முன்போல அவ்வளவு குறைத்து மதிக்கவில்லை. 190 டொலர். எல்லைக்கு வெளியே இருக்கும் நாங்கள் எல்லாம் அந்த முதல் கணக்கில் இல்லவே இல்லை.

சாந்தி: அண்ணா, பேச்சு மூன்று நிமிடம்தான்.

வசந்தி மாமி: 35 இலை காணுமா?

ரஞ்சி: வெல்லம்பிட்டி வீட்டைச் சொல்லு அபி. 2016 மே மாதம் களனி கங்கை உள்ளே வந்து சுவாமித் தட்டு வரைக்கும் நின்றது. அம்மாவின் தையல் மெஷின் சேற்றுக்குள். சுவரில் இருந்த கோடு இரண்டு தரம் பெயின்ற் அடித்தும் போகவில்லை. அப்பாவிடம் கடைசிவரை ஒரு சைக்கிள்தான் இருந்தது. அவர் எவ்வளவு புகை விட்டிருப்பார்?

அபி: சித்தி இது நல்லா இருக்கு

குமார் (ஸ்காபரோ): ஒரு வெள்ளத்தை முழுக்கப் புகையின் தலையில் போட முடியாது, எதிரணி பிடித்துவிடும். இப்படிச் சொல்: காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், மழை பெய்தால் கொட்டும். டித்வா புயலில் 410 கோடி அமெரிக்க டொலர் நேரடிச் சேதம் என்றது உலக வங்கி. இலங்கையின் ஒரு வருட உற்பத்தியில் சுமார் 4 சதவீதம். அதே நட்டம் கனடாவுக்கு வந்தால் 0.2 சதவீதம்கூட இல்லை. தாங்கும் சக்தியைப் பார்.

ரஞ்சி: அந்தக் கோட்டால்தானே வீடும் விலை போகவில்லை.

கோபி: அவசரப்பட்டு விற்றதும் காரணம்.

குமார் (ஸ்காபரோ): வீட்டை விற்க அதிகாரம் கொடுத்த அற்றோனித் தத்துவத்தில் எல்லாரும்தான் கையெழுத்து வைத்தோம் கோபி.

சாந்தி: இப்போது அது வேண்டாம். பிள்ளை எழுதுகிறாள்.

அபி: முதல் வரி இப்படி: "என் தாத்தாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அவர் வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கு அவர் புகை விடவில்லை."

குமார் (ஸ்காபரோ): அதையே வை. 14க்கு 1 என்பதை அடுத்த வரியில் சொல். காலையில் அழைக்கட்டுமா?

சாந்தி: ஆறரைக்கு. இல்லை, பள்ளிக்கூட வானில் ஏறிய பிறகு.

ரஞ்சி: அப்பா சைக்கிளோடு நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது, தேடுகிறேன்.

வசந்தி மாமி: எண்ணிக்கை ஒருவரும் சொல்லவில்லை.