மூட்டுவாதக் குளிசை எடுக்கிற அம்மாக்கு வறட்டு இருமல், பயமாக் கிடக்கு

மாங்குளம் மகள்:
அம்மாக்கு 58 வயசு. முடக்குவாதம் எண்டு போன ஆவணியில இருந்து கிளினிக்கில மெதோட்ரெக்சேட் குடுக்கினம், ஞாயிறு இரவு மட்டும் 15 மில்லிகிராம், வேற நாளில போலிக் அசிட். விரல் வீக்கம் வத்தி திரும்பத் தேங்காய் திருவத் தொடங்கினவ, அதுவே எங்களுக்குப் பெரிய சந்தோசம். இப்ப மூண்டு கிழமையா வறட்டு இருமல், சளி ஒண்டுமில்ல, பின்னேரத்தில மேல் காயுது. பக்கத்து வயலில சூடடிச்ச தூசியாக்கும் எண்டு கொத்தமல்லி அவிச்சுக் குடுத்துக்கொண்டிருந்தன், நேற்று கிணத்தடியில இருந்து அரை வாளி தண்ணி கொண்டுவந்தவ பாதியில வாளிய வைச்சிட்டு வேம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா, கதைக்கவும் ஏலேல்ல. கிளினிக் திகதிக்கு இன்னும் 5 கிழமை கிடக்கு. குளிசையால இப்பிடி வருமோ? நாளைக்கு ஞாயிறு, குடுக்கிறதோ விடுறதோ?

கண்டாவளையான்:
தங்கச்சி திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. எங்கட அப்பாக்கும் உதே குளிசை, உதே இருமல். ஒரு இடத்தில அன்ரிபயோட்டிக்கை மட்டும் குடுத்து அனுப்பிச்சினம், நாங்களும் வாதக் குளிசையை விடாமக் குடுத்தம். பிறகு ஸ்கான் எடுத்துத்தான் மருந்தால வந்த நுரையீரல் அழற்சி எண்டு பிடிச்சவை, அதை நிப்பாட்டி ஸ்டீரொயிட் குடுக்கத்தான் மூச்சு வந்தது. இருமலோட கிடக்கேக்க ரெண்டு ஞாயிறு என்ர கையாலதான் குடுத்தனான், இண்டைக்கும் மனசுக்க குத்துது.

வாட் நேர்ஸ்:
நாளையான் டோசைக் குடுக்காதேங்கோ, இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. குளிசையால வாற நுரையீரல் அழற்சி அரிதாத்தான் வாறது, வந்தா கூடுதலா முதல் வருசத்துக்குள்ள, குறைஞ்ச டோசிலயும் வரும். ஆனா வாத வருத்தமே நுரையீரலைத் தழும்பாக்கும், எதிர்ப்புச் சக்தி குறையிறதால நியூமோனியா, காசநோய் கூட வரலாம், எல்லாத்துக்கும் இருமலும் மூச்சும்தான் முன்னுக்கு நிக்கும், வீட்டில இருந்து பிரிக்கேலாது. எக்ஸ்ரே, சளி, இரத்தம், தேவையெண்டா ஸ்கான் பார்ப்பினம். கிளினிக் கொப்பி, குளிசை மட்டை, மருந்து தொடங்க முதல் எடுத்த எக்ஸ்ரே இருந்தா அதையும் கொண்டுபோங்கோ. ஆர் மருந்து எழுதினாலும் மெதோட்ரெக்சேட் எடுக்கிறா எண்டு முதல் சொல்லுங்கோ, கோட்ரைமோக்சசோல் எண்ட அன்ரிபயோட்டிக் அதோட சேர்ந்தா எலும்பு மச்சையையே பாதிக்கும். பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசையும் எடுக்கிறா எண்டா அதை மட்டும் திடீரெண்டு நிப்பாட்டாதேங்கோ.

மாங்குளம் மகள்:
மத்தியானமே ஓட்டோ பிடிச்சுக் கொண்டுபோட்டம். விரலில மாட்டிப் பார்க்க ஒட்சிசன் 89, உடன வாட்டில போட்டிட்டினம். எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஸ்கான் நாளைக்கு. குளிசை மட்டையை டொக்டரிட்டயே குடுத்திட்டன்.