பொருள்: ‘கப் ஆஃப் காஃபி’க்குத் தமிழில் என்ன? (வியாழன் அச்சுக்குப் போகிறது)

கூழாங்கல், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும்.

அமெரிக்காவில் ஞாயிறுதோறும் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் இந்த ஆண்டு பிள்ளைகளே ஒரு நாட்காட்டி தயாரிக்கிறார்கள். எல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. தலைவர்கள் பிறந்தநாள் வேண்டாமாம். மேஜர் லீக் பேஸ்பாலில் (அமெரிக்காவின் உச்ச லீக்) ஆடிவிட்டு யார் நினைவிலும் தங்காமல் போனவர்களின் பிறந்தநாள்தான் வேண்டுமாம். ஆளுக்கு நாலு வரி, தமிழில். ஜனவரி முடிந்தது. பிப்ரவரியில் மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 11: ஜான் பச்சோரெக், பிறப்பு 1945. பதினெட்டு வயதில், 1963 செப்டம்பர் 29 அன்று ஹூஸ்டன் அணிக்காக இறங்கினார். ஐந்து முறை மட்டை பிடித்து மூன்று ஹிட், இரண்டு வாக் (மோசமான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸ் கிடைப்பது, சராசரிக் கணக்கில் சேராது), நான்கு ஓட்டம். ஒருமுறைகூட அவுட் இல்லை. மறு ஆண்டு முதுகில் அறுவை சிகிச்சை. அதன்பின் மேஜர் லீகில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. சராசரி என்றென்றைக்கும் 1.000.

பிப்ரவரி 15: லாரி யவுன்ட், 1950. 1971 செப்டம்பர் 15 அன்று பந்துவீச அழைத்தார்கள். மேட்டுக்கு வந்து கை பழக்கும்போதே முழங்கை வலி, திரும்பிவிட்டார். பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டதால் கணக்கில் ஓர் ஆட்டம். வீசிய பந்து பூஜ்யம். அவர் தம்பி ராபின் 3,142 ஹிட் அடித்தவர்.

பிப்ரவரி 21: ஆடம் க்ரீன்பெர்க், 1981. 2005 ஜூலை 9 அன்று சிகாகோ கப்ஸுக்காக முதன்முறை மட்டை பிடித்தார். முதல் பந்தே தலையில் பட்டது.

இப்படி மேலே வந்து அரைநொடி நின்றுவிட்டுப் போவதை அங்கே ‘கப் ஆஃப் காஃபி’ என்பார்கள். ஒரு காப்பி குடிக்கிற நேரம்தான் இருந்தார் என்று பொருள். இதற்கு ஒரு சொல் தாருங்கள். பிள்ளைகள் வாயில் நுழைய வேண்டும்.

ஒன்பதாம் இன்னிங்ஸ், திங்கள் இரவு

‘ஓராட்டர்’. ஓர் ஆட்டம் ஆடியவர். முடிந்தது கதை.

கூழாங்கல், திங்கள் இரவு

முடியவில்லை அண்ணா. க்ரீன்பெர்க் இரண்டு ஆட்டம். 2012 அக்டோபர் 2 அன்று மார்லின்ஸ் அணி ஒருநாள் ஒப்பந்தத்தில் அவரை இறக்கியது. எதிரணியின் ஆர்.ஏ. டிக்கி மூன்று நக்கிள்பால் (சுழலாமல் தள்ளாடி வரும் பந்து) போட்டு அவுட் ஆக்கினார். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே ஏழு வருஷம். தவிர, மூன்று வாரம் இருந்து பத்து ஆட்டம் ஆடிவிட்டுப் போனாலும் அது காப்பிதான்.

வேர்ச்சொல், செவ்வாய் காலை

அன்புள்ள மகளே, வினா நன்று. ஆங்கிலத் தொடரின் உள்ளே என்ன நிகழ்ந்திருக்கிறது என்று முதலில் நோக்குவோம். ‘ஒரு கோப்பை’ என்பது முகத்தலளவை. ஒரு படி கொடு என்றால் அரிசியைக் குறிப்பது போல, முகத்தலளவை ஆகுபெயர். ஆனால் இங்கே அது அரிசியையோ நீரையோ குறிக்காமல் காலத்தைக் குறிக்கிறது. கொள்ளளவு காலவளவாகப் பெயர்ந்துள்ளது. இந்தப் பெயர்ச்சி தமிழுக்குப் புதிதன்று. நாழி என்பது முகக்கும் அளவு. நாழியிலிருந்தே நாழிகை. நீர் சொட்டும் நாழிகை வட்டிலை வைத்துப் பொழுது அளந்தவர்கள் நாம். அறுபது நாழிகை ஒரு நாள். ஒரு நாழிகை இருபத்துநான்கு மணித்துளி. ஒரு குளம்பியை ஆற்றிக் குடிக்க அவ்வளவு ஆகும்.

ஆகவே ‘நாழிகையர்’. ஒருமையில் ‘ஒருநாழிகையர்’ எனினும் பொருந்தும். நாழிக்கு வேர் ‘நாளம்’ என்பது என் கருத்து; உள்ளே துளையுள்ளது. மூங்கிற் குழாயால் அளந்த காலத்துச் சொல். நாளம், நாழி, நாடி அனைத்தும் ஒரு குடும்பம். நாளை விரிவாக எழுதுவேன்.

ஒன்பதாம் இன்னிங்ஸ், செவ்வாய் காலை

ஐயா, நாழிகையே வடமொழி ‘நாடிகா’விலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டே?

வேர்ச்சொல், செவ்வாய் காலை

உண்டு. அவர்கள் தவறுகிறார்கள்.

கடலோடி, செவ்வாய் மதியம்

வணக்கம். ஐயா குளம்பி எண்டு எழுதினபடியால் நானும் ஒண்டு சொல்லவேணும். எங்கட பக்கம் அது கோப்பி. குளம்பி எண்டு எங்கட கடையில கேட்டால் குதிரைக்கு ஏதும் வருத்தமோ எண்டு கேப்பினம். அதோட, வீட்டுக்கு வாற ஆளுக்கு நாங்கள் குடுக்கிறது தேத்தண்ணி. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” எண்டால்தான் எங்களுக்கு விளங்கும். பிள்ளையள் காப்பி எண்டு எழுதினால் குறை சொல்லமாட்டன், ஆனால் தமிழ் முழுக்க காப்பியில ஓடுது எண்டு நினைக்காதேங்கோ.

இன்னொண்டு: பேஸ்பாலைப் பாத்தால் எனக்கு இலங்கையில விளையாடுற ‘எல்லே’ ஞாபகம் வரும். தடியால அடிச்சுப்போட்டு வட்டமா ஓடுற விளையாட்டு. எல்லேயில ஆராவது ஒருக்கா வந்திட்டுப் போனால் என்ன சொல்லுவினம் எண்டு அண்ணரிட்டக் கேட்டன். “ஒண்டும் சொல்லமாட்டம், அடுத்த ஆளைக் கூப்பிடுவம்” எண்டார்.

தூரத்துமணி, செவ்வாய் மதியம்

> குளம்பியை ஆற்றிக் குடிக்க அவ்வளவு ஆகும்

காப்பி என்றே வைத்துக்கொண்டு ‘காப்பியர்’ என்று ஆக்கினால் என்ன? 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக இரண்டு இன்னிங்ஸ் வலப்புறக் கோடியில் நின்றுவிட்டு, மட்டையே பிடிக்காமல் போன மூன்லைட் கிரஹாமை நாட்காட்டியில் தொல்காப்பியர் என்று போடலாம்.

வேர்ச்சொல், செவ்வாய் மதியம்

இதை நகைச்சுவை என்று கொள்கிறேன்.

ஒன்பதாம் இன்னிங்ஸ், செவ்வாய் மாலை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓர் ஆட்டத்தோடு போனவர்கள் இருக்கிறார்கள். கிரஹாம் வேண்டுமானால் இடைக்காப்பியர். அவர் பின்னாளில் மினசோட்டா மாநிலத்தில் சிஷோம் என்ற சுரங்க ஊரில் டாக்டராக இருந்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் காப்பியர் இல்லை, டாக்டர் ஐயா.

கூழாங்கல், நீங்கள் தந்த பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். பச்சோரெக் செப்டம்பர், யவுன்ட் செப்டம்பர். 1936இல் ஒரே ஒருமுறை மட்டை பிடித்து ஸ்ட்ரைக் அவுட் ஆன வால்டர் ஆல்ஸ்டனும் செப்டம்பர் 27. (அந்த ஆல்ஸ்டன்தான் பிறகு 23 ஆண்டு டாட்ஜர்ஸ் மேலாளர்.) இது தற்செயல் அல்ல. செப்டம்பர் பிறந்தால் அணியில் கூடுதல் ஆள் சேர்த்துக்கொள்ளலாம். 2019 வரைக்கும் நாற்பது பேர் வரை இடம் இருந்தது, 2020 முதல் இருபத்தெட்டு. ஆட்டக்காலம் முடிகிற நேரம், தோற்றாலும் பெரிய நட்டமில்லாத அணிகள் கீழ் லீகுகளிலிருந்து பையன்களைக் கூப்பிட்டுப் பார்க்கும். காப்பி பெரும்பாலும் அப்போதுதான் ஊற்றப்படும். ஆகவே ‘புரட்டாசியார்’.

வேர்ச்சொல், செவ்வாய் மாலை

செப்டம்பர் 15 ஆவணிக் கடைசி. யவுன்ட் என்பார் புரட்டாசியில் அடங்கார்.

அடுக்களை, செவ்வாய் இரவு

நான் பொதுவாக இங்கே வாசிக்கிறதோடு சரி. பேஸ்பால் எனக்குத் தெரியாது, ஆனால் காப்பி தெரியும்.

எங்க ஊரில் வீட்டுக்கு வந்தவரை “கை நனைக்காம போகக் கூடாது” என்போம். கொஞ்ச நேரம் இருந்தாலும் ஏதாவது சாப்பிட்டுப் போகணும் என்று அர்த்தம். ‘கைநனைத்தவர்’ என்று வைக்கலாமே. வேரும் பார்க்க வேண்டாம், வடமொழியும் பார்க்க வேண்டாம்.

தூரத்துமணி, செவ்வாய் இரவு

அபாரம். என் ஓட்டு இதற்கே. வினையாலணையும் பெயர், யாருக்கும் புரியும். அணி விட்டுவிட்டால் ‘கைநனைத்துக் கைகழுவப்பட்டவர்’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

கடலோடி, புதன் காலை

அக்கா சொன்னது வடிவான சொல். ஆனால் ஒரு இடைஞ்சல். பொம்பிளை பாக்கப் போற இடத்தில கலியாணம் சரிவரும் மட்டும் கை நனைக்கக் கூடாது எண்டு சில பேர் பாக்கிறவையெல்லோ? கை நனைச்சால் உறவு உறுதி. இந்தப் பெடியளுக்கு உறுதி ஒண்டும் கிடைக்கேல்லையே.

அடுக்களை, புதன் காலை

தம்பி சொல்வது சரி. எனக்கே அது தோன்றியிருக்கணும்.

ஆனால் நீங்க சொன்னதிலேயே பதில் இருக்கு. பெண் பார்க்க வந்தவர்கள் கை நனைக்க மாட்டார்கள், ஆனால் காப்பி குடிப்பார்கள். குடித்துவிட்டு, “ஊருக்குப் போய்க் கடிதம் போடுறோம்” என்று எழுந்து போவார்கள். கடிதம் வராது. இதில் காப்பி கொடுத்தது யார், குடித்தது யார் என்பது மட்டும்தான் மாறுது. அந்த ஆட்டக்காரப் பையன்கள் குடித்த காப்பியும் இதே காப்பிதானே? இதை எதற்குக் கஷ்டப்பட்டு மொழிபெயர்க்கணும்? ‘ஒரு வாய் காப்பி’ என்று வையுங்க. அம்மா பாட்டி எல்லாருக்கும் உடனே புரியும்.

ஒன்பதாம் இன்னிங்ஸ், புதன் காலை

அக்கா, இத்தனை வருஷமாக பேஸ்பால் பார்க்கிறேன், அந்தத் தொடர் இவ்வளவு சுடும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஓராட்டரைத் திரும்பப் பெறுகிறேன்.

வேர்ச்சொல், புதன் மதியம்

உவமை உருக்கமானது, மறுக்கவில்லை. உருக்கம் கலைச்சொல் ஆகாது. ‘ஒரு வாய் காப்பி’ என்பது தொடர், பெயர் அன்று. அதிலிருந்து ஆளைக் குறிக்கும் பெயரை எப்படி ஆக்குவீர்கள்? ‘ஒருவாய்க்காப்பியர்’ என்றா? மேலும் காப்பி என்று எழுதினால் பார்த்து எழுதுதல் என்றும் பொருள்படும். ‘ஒரு காப்பி ஆட்டக்காரர்’ என்றால் பிறரைப் பார்த்து ஆடியவர் என்று மாணவர் கொள்வர். குளம்பி வேண்டாமெனில் விடுங்கள். ‘மிடறு’ இருக்கிறது. தூய சொல், தொண்டையையும் குறிக்கும், ஒரு விழுங்கையும் குறிக்கும். இறைவனையே நீலமிடற்றன் என்றோம். ‘ஒருமிடற்றர்’ என்க.

தூரத்துமணி, புதன் மதியம்

ஐயா, ஒருமிடற்றர் என்றால் மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு தொண்டை என்றல்லவா பிள்ளைகள் நினைக்கும்.

கடலோடி, புதன் மதியம்

ஒரு கேள்வி. இதெல்லாம் பேசுறம், முதலில பேஸ்பாலுக்குத் தமிழ் என்ன எண்டு முடிவாச்சோ? அடிபந்தாட்டம் எண்டு கண்டனான். அதில ‘அடி’ எண்டது பேஸோ, அடிக்கிறதோ?

மட்டுறுத்துநர், புதன் மதியம்

அந்த இழை இரண்டு முறை திறக்கப்பட்டு இரண்டு முறை மூடப்பட்டது. தயவுசெய்து மூன்றாவது முறை வேண்டாம். கூழாங்கல் அவர்களுக்கு நாளை அச்சு.

கூழாங்கல், புதன் இரவு

எல்லாருக்கும் நன்றி. பிள்ளைகளிடம் கைபேசிக் குழுவில் நாலு சொல்லைப் போட்டேன்: ஓராட்டர், நாழிகையர், கைநனைத்தவர், ஒரு வாய் காப்பி. பதினொரு பேரில் ஏழு பேர் காப்பி. மூன்று பேர் நாழிகையர். கேட்டால் சூப்பர்ஹீரோ பெயர் மாதிரி இருக்கிறதாம். (ஐயா, கோபிக்காதீர்கள், அவர்களுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது.) மீதி ஒருத்தி எந்தச் சொல்லுக்கும் ஓட்டுப் போடாமல் யவுன்டைப் பற்றி இப்படி எழுதினாள்: “இவருக்கு ஒரு வாய் காப்பி பொருந்தாது டீச்சர். காப்பி கொதிக்கும்போதே எழுந்து போயிட்டார்.” அதை அப்படியே பிப்ரவரி 15ஆம் தேதிக் கட்டத்தில் போட்டுவிட்டேன்.

பச்சோரெக்குக்குக் கடைசி வரி: “ஒரு வாய் காப்பிதான் குடித்தார், ஒரு சொட்டும் சிந்தவில்லை.” இதை எழுதிய பையனுக்கு ஆறு மாதம் முன்பு தமிழில் பெயர் எழுதத் தெரியாது. பச்சோரெக் பிறகு உடற்பயிற்சி ஆசிரியர் ஆனார் என்பதையும் அவனே தேடிச் சேர்த்தான்.

இன்னொரு சிக்கல். அல் ஆட்ரி என்று ஒருவர். 1976இல் அட்லாண்டா பிரேவ்ஸுக்காக ஒரே ஆட்டம் வீசினார், அந்த ஒன்றில் வெற்றியும் பெற்றார். பிறந்தது 1952 பிப்ரவரி 29. எங்கள் நாட்காட்டியில் அந்தத் தேதியே இல்லை. 28இல் போடுவதா, மார்ச் 1இல் போடுவதா?

அடுக்களை, புதன் இரவு

நட்சத்திரம் பார்த்துப் போடுங்க. வருஷா வருஷம் வரும்.

ஒன்பதாம் இன்னிங்ஸ், புதன் இரவு

28. நம் ஆளுக்குக் கிடைத்ததே ஒரு நாள், அதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

வேர்ச்சொல், வியாழன் காலை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். என் மாறுபாட்டைப் பதிந்துவைக்க வேண்டுகிறேன்: இன்னும் பத்தாண்டில் காப்பி என்னும் பானம் வழக்கிறந்தால் இச்சொல் பொருளிழக்கும், நாழிகை நிற்கும்.

அச்சுக்கு முன் ஒன்று. ‘ஒரு வாய் காப்பி’யா, ‘ஒரு வாய்க் காப்பி’யா? ஒற்று மிகுமா மிகாதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தூரத்துமணி, வியாழன் காலை

ய, ர, ழ ஈற்றின் முன் வல்லினம் வந்தால் அல்வழியில் இயல்பாகவும் வரும், மிகவும் செய்யும் என்று நன்னூல் இரண்டுக்கும் இடம் தருகிறது ஐயா. ஆனால் ஒற்றைப் போட்டுச் சேர்த்து எழுதினால் ‘வாய்க்காப்பி’ என்று வரும். பந்து பட்டுப் பல் போகாமல் இருக்க வாயில் வைத்துக்கொள்கிற வாய்க்காப்போ என்று படிப்பார்கள். அதுவும் க்ரீன்பெர்க் பக்கத்தில்.

கூழாங்கல், வியாழன் மதியம்

ஒற்று இல்லாமல் போய்விட்டது. ஆட்ரி 28இல் இருக்கிறார். மார்ச் பட்டியல் ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். அதில் ‘பின்ச் ரன்னர்’ என்று ஒரு சொல் வருகிறது.

வேர்ச்சொல், வியாழன் மதியம்

பின்ச் என்பது கிள்ளுதல். கிள்ளைக்கும் அதற்கும் தொடர்புண்டு. ஞாயிறு வரை காத்திருக்கத் தேவையில்லை, இன்றிரவே எழுதுகிறேன்.