பழைய பதிப்புச் சண்டை விதிகள்: உங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லுங்கள்

1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம்) பேசிக் விதிகளை எங்கள் குழு இரண்டு வருடமாக ஆடி வருகிறது. நாங்கள் எல்லோரும் புதிய பதிப்பில் ஆடப் பழகியவர்கள். அங்கே எதிரியைக் கண்டதும் பகடையை உருட்டி, கடைசி ஆள் விழும் வரை அடிப்போம். அதே கையோடு பழைய விதிக்குள் நுழைந்தோம்.

முதல் இரண்டு ஆட்டத்திலும் குழு மொத்தமும் செத்தது. கணக்கைப் பாருங்கள். மந்திரவாதிக்கு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, ஒரு நாலுமுகப் பகடை. எங்கள் ஆளுக்கு 3 வந்தது. வீரனுக்கு எட்டுமுகம், அவனுக்கு 5. கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று அடித்தால் ஆறுமுகப் பகடை. பூஜ்யம் வந்தால் மரணம், மயக்கம் என்ற பேச்சே கிடையாது. "இது எழுதினவங்க ஆடியே பார்க்கலை போல" என்று புத்தகத்தை மூடி வைத்தோம்.

அதைத் திறக்க வைத்தது ஆட்டத்தை நடத்தும் எங்கள் டி.எம். அவர் ஒரு வாரம் உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டு வந்து, "நாம ரெண்டு உருட்டலை விட்டுட்டே ஆடியிருக்கோம்" என்றார். ஒன்று, எதிரியைச் சந்தித்த உடனே அவர்கள் மனநிலையைப் பார்க்கும் ரியாக்‌ஷன் உருட்டல். இன்னொன்று மொரேல், அதாவது எதிரியின் மன உறுதி. இரண்டுக்குமே இரண்டு ஆறுமுகப் பகடைதான்.

மூன்றாவது ஆட்டம். கல்லறை மண்டபத்தில் ஆறு கோப்ளின்கள், எழுபது அடி தூரத்தில். யாரும் யாரையும் திடுக்கிட வைக்கவில்லை. டி.எம். உருட்டினார், 7. ஆறிலிருந்து எட்டு வரை வந்தால் அவர்களுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை என்று அர்த்தம். முன்பு ஆடியபோது இந்த இடத்தில் வாளை உருவியிருப்போம். இந்த முறை எங்கள் குள்ளன் முன்னால் போய்ப் பேசினான் (குள்ளர்களுக்குக் கோப்ளின் பாஷை தெரியும், விதியிலேயே இருக்கிறது). உலர்ந்த இறைச்சியை நீட்டினான். மறுபடி உருட்டல், 5. பகை முற்றிவிட்டது.

சரி, சண்டை. யார் முந்துவது என்று பார்க்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஆறுமுகம். எங்களுக்கு 4, அவர்களுக்கு 2. கூடுதலாக வந்த பக்கம் முதலில் நகரும், அப்புறம் அம்பு, அப்புறம் மந்திரம், கடைசியில்தான் கைச்சண்டை. அம்பில் ஒருவன் விழுந்தான். முதல் சாவு என்பதால் மொரேல் சோதனை. கோப்ளினுக்கு 7, அதைத் தாண்டி வந்தால் ஓடுவார்கள். வந்தது 6, நின்றார்கள். அடுத்த சுற்றை அவர்கள் பிடித்தார்கள். எங்கள் வீரனுக்கு 4 அடி, மிச்சம் 1. மேசையில் யாரும் பேசவில்லை. அவன் பின்வாங்காமல் திருப்பி வெட்டினான், ஒருவன் விழுந்தான். ஈட்டிக்காரன் இன்னொருவனைச் சாய்த்தான். ஆறில் பாதி போயிற்று, இரண்டாவது சோதனை. இதிலும் தாக்குப்பிடித்தால் சாகும் வரை நிற்பார்கள் என்பது விதி. டி.எம். மறைக்காமல் எங்கள் கண்முன்னே உருட்டினார். 9. மூன்று பேரும் ஈட்டியைப் போட்டுவிட்டு இருட்டுக்குள் ஓடினார்கள்.

எங்கள் மேசையில் யாரும் சாகாத முதல் சண்டை அது.

அப்புறம்தான் அனுபவப் புள்ளிக் கணக்கு புரிந்தது. ஒரு கோப்ளினுக்கு 5 புள்ளி. ஆறையும் சேர்த்தால் 30, அதையும் குழு பங்கு போட வேண்டும். வீரன் இரண்டாம் நிலைக்குப் போக 2,000 வேண்டும். ஆனால் மீட்டு வரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி. சண்டை இங்கே வருமானமே இல்லை, செலவு. மொரேலையும் ரியாக்‌ஷனையும் எடுத்துவிட்டு ஆடினால் பழைய பதிப்பு வெறும் கசாப்புக் கடை. அந்த இரண்டையும் சேர்த்தால் எனக்குத் தெரிந்து இதைவிடப் பதைபதைப்பான ஆட்டம் இல்லை.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

* * *

எனக்கு அறிமுகம் மேசையில் இல்லை அண்ணா, கம்ப்யூட்டரில். 1998-இல் வந்த பால்டர்ஸ் கேட். அது ஏடி அண்ட் டி (அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) இரண்டாம் பதிப்பு விதியில் ஓடுகிறது என்பதுகூட அப்போது தெரியாது. திரையில் தாக்கோ என்று, அடி படுமா என்று பார்க்கும் ஒரு எண் இருக்கும். அது குறைந்தால் நல்லது என்பதே எனக்கு விளங்க ஒரு மாதம் ஆயிற்று. தாக்கோ 19, எதிரியின் கவச எண் 4 என்றால், கழித்து வரும் 15-ஐ இருபதுமுகப் பகடையில் எட்ட வேண்டும். அவ்வளவுதான்.

விதியை உண்மையில் கற்றுக்கொடுத்தவன் பிரெண்ட்லி ஆர்ம் விடுதிப் படிக்கட்டில் நிற்கும் அந்த மந்திரவாதி. முதல் நிலையில் போனவர்களுக்கு அவனை மறக்க முடியாது. தன்னைச் சுற்றி நாலைந்து பிம்பங்களை எழுப்புவான், அடுத்த மந்திரத்தில் என் ஆட்கள் பயந்து நாலு திசைக்கும் ஓடுவார்கள். என் வீரனிடம் பெரிய இருகை வாள். அதன் வேக எண் 10. அவன் வாளை ஓங்கி முடிப்பதற்குள் மந்திரம் முடிந்துவிடும். எத்தனை முறை செத்தேன் என்று எண்ணவில்லை.

பிறகு ஒருநாள் என் குழுவிலிருந்த இமோயன் விட்ட அம்பு, அவன் வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது தைத்தது. மந்திரம் கலைந்தது. அன்றுதான் புரிந்தது. ஓதும்போது அடிபட்டால் மந்திரம் வீண். குத்துவாளின் வேக எண் 2, நீள வாளுக்கு 5. சின்ன ஆயுதத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது! பல வருடம் கழித்து இரண்டாம் பதிப்பை மேசையில் ஆடியபோது, வேக எண் அங்கே விருப்ப விதிதான், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றார்கள். நான் விடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

* * *

ஃபயர்பால், அதாவது நெருப்புப் பந்து மந்திரம், அதைப் பற்றிய கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏடி அண்ட் டி முதல் பதிப்பு, 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்.

முப்பதுக்கு முப்பது அடி அறை, பத்தடி உயரம். உள்ளே ஓர்க்குகள், நடுவில் காசுக் குவியல். நாங்கள் பத்தடி அகல நடையில், வாசலிலிருந்து அறுபது அடி பின்னால். ஐந்தாம் நிலை மந்திரவாதியை ஆடியது நான்தான். "உள்ளே போடறேன்" என்றேன். டி.எம். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "நிச்சயமா?" என்றார். நிச்சயம் என்றேன்.

அந்தப் பதிப்பில் ஃபயர்பால் வட்டமாக வெடித்து நின்றுவிடாது. மொத்தம் 33,000 கன அடி இடத்தை நிரப்பியே தீரும், இடம் எந்த வடிவமோ அந்த வடிவத்தில் பாயும். பத்தடிக் கட்டங்களாகப் பார்த்தால் 33 கட்டம். அறை விழுங்கியது 9. மிச்சம் 24 கட்டத்துக்கு ஒரே வழி, நாங்கள் நின்ற நடை. 240 அடி நீளத்துக்கு நெருப்பு. டி.எம். கட்டக் காகிதத்தில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தார். ஆறாவது கட்டத்தில் எங்கள் ஆட்கள். பென்சில் அங்கே நிற்காமல் தாண்டிப் போயிற்று.

ஐந்து ஆறுமுகப் பகடை, கூட்டினால் 19. எனக்கு இருந்தது 11. தப்பிக்கும் உருட்டலிலும் தோற்றேன், என் சுருளேடுகளும் எரிந்தன. திருடன் பூஜ்யத்துக்குக் கீழே போய்ச் சுற்றுக்கு ஒரு புள்ளியாக இழந்துகொண்டிருந்தான். மைனஸ் பத்தைத் தொட்டால் முடிந்தது. வீரன் ஓடி வந்து கட்டுப்போட்டுக் காப்பாற்றினான், ஆனால் அந்த விதிப்படி ஒரு வாரமாவது படுக்கையில் கிடக்க வேண்டும். ஓர்க்குகள் எல்லாம் செத்திருந்தன. காசுக் குவியல்? அந்தச் சூட்டில் தங்கமும் வெள்ளியும் உருகும் என்று மந்திரத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. தரையோடு ஒட்டிய ஒரு கட்டி மிஞ்சியது.

எனக்கு அன்று கோபமே வரவில்லை. விதி நேர்மையாக இருந்தது, நான் அளக்கவில்லை. அந்தக் காகிதம் இன்னும் என் புத்தகத்துக்குள் இருக்கிறது.

* * *

முதல் பதிப்பைப் பற்றி இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1979 டி.எம். கையேட்டில் கட்டிப்பிடித்துச் சண்டை போடும் விதி இருக்கிறதே, அதை ஒருமுறை ஆடினோம். ஒற்றைக் காவல்காரனைச் சத்தமில்லாமல் மடக்க வேண்டும். நூற்றுவீதப் பகடை, வலிமைக்கு, சுறுசுறுப்புக்கு, கவசத்துக்கு என்று வரிசையாகக் கூட்டல் கழித்தல். முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஆட்டத்தின் மூச்சே நின்றுவிட்டது. பழையது என்பதற்காக எல்லாம் நல்லது இல்லை. ஆயுதம் வாரியாகக் கவசத்துக்குத் தனித்தனி எண் பார்க்கும் அட்டவணையையும் நாங்கள் கைவிட்டோம்.

* * *

இருபதுமுகப் பகடையைக் கண்ணால் பார்க்காத காலத்திலேயே நான் ஆடியிருக்கிறேன். வீட்டில் பரமபதம், லூடோ பெட்டிகளைத் துழாவினால் கிடைக்கும் சாதாரண ஆறுமுகம் போதும். டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ் என்ற ஆட்டம். பீனிக்ஸ் நகரத்து நூலகர் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975-இல் வெளியிட்டது. தனியாக ஆடும் சாகசங்கள் 1976-இலிருந்தே வெளிவந்தன, அதனால் கூட்டாளி கிடைக்காத எனக்கு அது பெரிய வரம்.

சண்டை முறையே வேறு. நான் அடித்தேன், நீ அடித்தாய் என்று மாறி மாறி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உருட்டிக் கூட்ட வேண்டும். குறைந்தவருக்கு அந்த வித்தியாசம் முழுவதும் அடி. ராட்சசனுக்கு ஒரே ஒரு எண்தான். அது 30 என்றால் நாலு பகடை, கூடவே 15.

ஒரு டிரோல். அதற்கு 29 வந்தது, எனக்கு 21. வித்தியாசம் 8. கவசம் 6 தாங்கியது, 2 உடம்பில் ஏறியது. அடுத்த சுற்றும் அப்படியே. இந்த முறையில் பின்தங்கியவர் பின்தங்கிக்கொண்டே போவார், பகடையை மட்டும் நம்பினால் சாவுதான். அதனால் சண்டையை நிறுத்திவிட்டு, டிரோல் காலுக்குக் கீழிருந்த கம்பளத்தை இழுப்பேன் என்று நானே முடிவு செய்து அதிர்ஷ்டத்துக்கு உருட்டினேன். முதல் நிலைச் சோதனையில் 20-இலிருந்து என் அதிர்ஷ்டத்தைக் கழிக்க வேண்டும். எனக்கு 13, ஆகவே 7 போதும். வந்தது இரட்டை மூன்று. இரட்டை வந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். ராத்திரி பதினோரு மணிக்கு நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

* * *

எல்லோருக்கும் நன்றி. பென்சில் நிரப்பிய கதையை எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன், மந்திரவாதியை ஆடுபவள் உடனே அறையின் உயரத்தைக் கேட்டாள்.

ஓடிப்போவதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் போன ஞாயிறு நடந்ததையும் சேர்க்கிறேன். கேரியன் கிராலர் என்ற பிராணி. எட்டு உணர்கொம்பு, எட்டு தாக்குதல், எது பட்டாலும் உடம்பு மரத்துப்போகும். மூன்று பேர் இருந்தோம். நிற்க யாருக்கும் மனமில்லை.

ஆனால் அது சுற்றுக்கு 120 அடி ஓடும். இரும்புக் கவசம் போட்ட எங்கள் குள்ளனால் 60 அடிதான். படிக்கட்டு நூற்றைம்பது அடி தள்ளி. "நீங்க போங்க" என்றான் குள்ளனை ஆடுபவன், விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்போது ஒருத்திக்கு விதி ஞாபகம் வந்தது. புத்தியில்லாத மிருகம் துரத்தினால் சாப்பாட்டை எறியலாம், ஆறுமுகத்தில் மூன்றுக்குள் வந்தால் அது நின்று தின்னும். ஒரு வாரத்து உணவு மூட்டையை அப்படியே பின்னால் வீசினோம். டி.எம். பகடையை அவள் கையிலேயே கொடுத்தார்.

மூன்று.

படியேறிக் கதவைச் சாத்தினோம். இப்போது கையில் ஒரு வேளைச் சாப்பாடுகூட இல்லை, ஊர் இரண்டு நாள் நடை.